மேல்மண்

ஜனவரி 20

தம்பிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். மாமாவின் முழங்கால் வலி மாடிப்படியைக் கண்டால் வருகிறது, டீக்கடையைக் கண்டால் போய்விடுகிறது. நீ, உன் மனைவி, குட்டி மூவரும் சௌக்கியமா? குட்டி வாயைத் திறந்தால் மூடுவதில்லையாமே. நம் வீட்டு ரத்தம்.

போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்றே பேச்சை முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். இதற்கு நாலு வரியாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

நீ ஏழு வருஷம் வேலை பார்த்த சுரங்கத்தில் இப்போது நான் வேலை பார்க்கிறேன். மூடிய சுரங்கத்தில் மறுபடி மரம் வளர்க்கும் பொறுப்பை, பதினெட்டு வருஷம் நர்சரியில் நாற்றுப்பை நிரப்பிய உன் அக்காவிடம் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது பேர் என் கையின்கீழ். வெடிமருந்துக் கிடங்கின் காவலாளி அறைதான் என் ஆபீஸ். தகரக் கூரை, ஒரு மேசை, மூன்று கால் நாற்காலி. நாலாவது காலுக்கு இரண்டு செங்கல் வைத்திருக்கிறேன்.

போன மழையில் பதினோராயிரம் கன்று நட்டோம். புங்கம், மருது, வேங்கை, நாவல், இலவம். குழிக்குப் பின்னால் மிச்சமிருக்கும் காட்டுத் துண்டில் பொறுக்கிய விதைதான் எல்லாம். தோண்டிய கழிவுக் கல்லைக் குவித்த தெற்கு மேட்டில் புங்கம் இப்போதே என் இடுப்பு உயரம். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

வடக்கு மேடு மட்டும் முரண்டு பிடிக்கிறது. ஆறு ஏக்கர். வைத்த கன்றெல்லாம் நுனியிலிருந்து மஞ்சளாகிக் கருகுகிறது. உனக்குத் தெரியாததில்லை: தோண்டும் முன் மேலே இருக்கும் நல்ல மண்ணை வழித்து மண் கிடங்கில் தனியாகக் குவித்துவைக்க வேண்டும், கடைசியில் அதை மேட்டின் மேல் பரப்ப வேண்டும் என்பது விதி. வடக்கு மேட்டுக்கு ஒதுக்கிய மேல்மண் கிடங்கில் ஒரு கூடைகூட இல்லை. அந்த மேட்டுக்கு அடியில் என்னதான் கொட்டினீர்கள்? நினைவிருப்பதை எழுது.

தண்ணீர் லாரி ஓட்டுவது யார் தெரியுமா? உன் ஷிப்டில் டிப்பர் ஓட்டிய லாரி அண்ணன். அந்த மேல்மண்ணை வெளியே விற்றுவிட்டார் என்று வேலையை விட்டு நிறுத்தினார்களே, அவரேதான். அதற்குப் பிறகு யாரும் அவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். நேரம் தவறாமல் வருகிறார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் யாரோடும் உட்காருவதில்லை, வண்டிக்குள்ளேயே சாப்பிடுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூவரும் நலம். மாமாவின் முழங்காலுக்கு இங்கே கிடைக்கும் தைலம் ஒன்றை அனுப்புகிறேன். வாடைக்கு டீக்கடையில் சேர்ப்பார்களா என்பது சந்தேகம்.

துறைமுக வேலை ஜோராகப் போகிறது. அங்கே பூமியைத் தோண்டினேன், இங்கே அதே கல்லால் கடலை மூடுகிறேன். எட்டு பொக்லைனுக்கு நான் ஃபோர்மேன். காலையில் கடல் ஒரு நிறம், மதியம் வேறு நிறம். குட்டி அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, தண்ணிய யாரு தொவைக்கிறா?" என்று கேட்கிறாள். அவள் அம்மா தையல் யூனிட்டில் சேர்ந்துவிட்டாள். மெஷினில் உட்கார்ந்தால் எங்கள் இருவரையும் மறந்துவிடுகிறாள்.

நீ அந்தப் பொறுப்புக்கு வந்தது எனக்குப் பெருமை. இங்கே எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. தெற்கு மேட்டுப் புங்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

வடக்கு மேடு வெயில் பக்கம் அக்கா. தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக விடு, சரியாகிவிடும்.

இங்கே புழுக்கம் ஆரம்பித்துவிட்டது. பிள்ளைக்கு வேர்க்குரு. மற்றபடி குறையில்லை.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

எல்லோரும் நலம். தைலம் வந்தது. மாமா ஒரு தடவை தேய்த்தார், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டார். குட்டிக்கு வேர்க்குரு வாடிவிட்டதா?

வடக்கு மேடு வெயில் பக்கம் என்று எழுதியிருக்கிறாய். மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கே வெயிலே விழுவதில்லை. உனக்கு மறந்திருக்காது என்றுதான் நினைத்தேன்.

தண்ணீரைக் கூட்டிப் பார்த்தேன். இன்னும் வேகமாகச் செத்தது. பிறகு நானே கடப்பாரை எடுத்துச் சோதனைக் குழி போட்டேன். ஒரு சாண் கீழே முழுக்கக் கறுப்புக் கல். காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலம் கக்குகிற கல். குழியில் தேங்கிய நீரில் சோதனைத் தாளை நனைத்தேன், சிவந்துவிட்டது. சுண்ணாம்பு போட்டால் மூன்று வாரம் சும்மா இருக்கிறது, மறுபடி ஆரம்பித்துவிடுகிறது. சுண்ணாம்பு போட்டு அதன் மேல் ஒரு சாண் நல்ல மண்ணும் பரப்பினால்தான் அங்கே வேர் பிடிக்கும்.

வெளியிலிருந்து மண் வாங்கலாம் என்கிறார் எஞ்சினியர். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்த மேட்டுக்குச் சட்டை போட இன்னொரு நிலத்தின் சட்டையை உருவ முடியாது. டிசம்பரில் அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள். வடக்கு மேட்டுக்கு வழி காட்டாவிட்டால் அதை அப்படியே வேலி போட்டு விட்டுவிடுவார்களாம். அதன் கீழேதான் ஓடை இருக்கிறது. இப்போதே அதன் தண்ணீர் துருப்பிடித்த நிறம்.

பழைய ஆபீஸ் அலமாரியைச் சுத்தம் செய்தபோது உங்கள் ஷிப்ட் புத்தகம் கிடைத்தது. உன் கையெழுத்து மாறவே இல்லை, கோழி கிளறிய மாதிரி. ஒன்பது நாள் தொடர்ந்து "மேல்மண், கிடங்குக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். வண்டி ஓட்டியவர் பெயரும் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. ஒரே பெயர்.

கிடங்கில் அந்த மண் இல்லை. எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறாய்?

மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே. வேலை நெருக்கடி, கை வேறு சுளுக்கிக்கொண்டது, அதனால்தான் தாமதம்.

அது நாலு வருஷத்துக்கு முந்தைய கதை அக்கா. விசாரணையும் முடிந்தது, சுரங்கமும் மூடியாகிவிட்டது. இனி கிளறி யாருக்கு என்ன லாபம்? வடக்கு மேட்டில் தைல மரம் வைத்துவிடு. அது எதிலும் வரும். ஆய்வுக்கு வருபவர்களுக்கு மேடு பச்சையாகத் தெரிந்தால் போதும்.

குட்டி நலம்.

தம்பி


மே 25

தம்பிக்கு,

சுளுக்கு எடுத்தாகிவிட்டதா? கனமானதைத் தூக்காதே. எங்களுக்கு ஒன்றும் இல்லை, வெயில்தான் கொளுத்துகிறது. வேலையைக் காலை ஐந்தரைக்கே ஆரம்பித்துப் பதினொன்றுக்கு நிறுத்திவிடுகிறோம்.

தைல மரம் பற்றி எழுதியிருந்தாய். நர்சரிக்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உங்க தம்பி கடல்ல மரம் நட்டாலும் நடுவாரு" என்றாள். அவளுக்கு வாய் நீளம், ஆனால் விதை முளைக்கவைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வேங்கை விதை முளைப்பதே அபூர்வம். நூறு போட்டு அறுபதை முளைக்க வைத்திருக்கிறாள். தைல மரம் அந்தக் கல்லில் பிழைத்தாலும், அதன் கீழே புல் வராது, புல் இல்லாவிட்டால் பூச்சி வராது, பூச்சி இல்லாவிட்டால் பறவை எதற்கு வரும்? பச்சை பெயின்ட் அடிப்பதற்கு நான் இங்கே வரவில்லை.

தெற்கு மேட்டில் எண்ணி முடித்தோம். நூற்றுக்கு எண்பத்து மூன்று கன்று உயிரோடு. போன வாரம் இலவங்கன்றின் அடியில் கௌதாரி ஒன்று முட்டையிட்டிருந்தது. அந்த வரிசைக்கு யாரும் போகக் கூடாது என்று கயிறு கட்டினேன். லாரி அண்ணன் அந்த இடம் வரும்போது தண்ணீர்க் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி நடக்கிறார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. போன செவ்வாய்க்கிழமை டீ குடிக்கும்போது புதிதாக வந்த ஒருத்தி, "மண்ணு எவ்வளவுக்குப் போச்சுண்ணே?" என்று அவரிடம் கேட்டாள். சிரித்தார்கள். அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

இந்தக் கடிதத்தில் உன்னை நான் எதுவும் கேட்கவில்லை.

குட்டிக்கு என் முத்தம்.

அக்கா


ஜூலை 28

அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் சுகமா? நான் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பாக நினைக்க வேண்டாம். குட்டி நன்றாக இருக்கிறாள். நானும் அப்படியே.

இரண்டு மாதமாகப் பதில் இல்லை என்று கவலைப்பட்டிருப்பீர்கள். அவருக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் கடைசிக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். துவைக்கும்போது எடுத்தேன். படித்துவிட்டேன். அதற்காக நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுத உட்காருகிறார். "அக்காவுக்கு" என்று எழுதுவார், கிழிப்பார். குட்டி அந்தத் துண்டுக் காகிதத்தில் படம் வரைகிறாள். வீட்டில் ஒன்பது படம் சேர்ந்துவிட்டது.

அந்த விசாரணை நடந்தபோது எனக்கு எட்டாம் மாதம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. இந்த ஊர் வேலைக்கு நற்சான்று வர வேண்டிய வாரம் அது. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குப் பயம். நேற்றுக் கேட்டேன். சொன்னார்.

அவரே எழுதுவார். அதற்கு முன்னால் திட்டி எழுதிவிடாதீர்கள் அண்ணி. எழுதிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அவள் உனக்கு எழுதியதைச் சொல்லிவிட்டாள்.

லாரி அண்ணன் மண்ணை விற்கவில்லை. ஒரு கைப்பிடிகூட விற்கவில்லை. வடக்குப் பள்ளத்தில் கொட்டச் சொன்னது நான்.

அந்த வருஷம் மழை முந்திவிட்டது. கிடங்குக்குப் போகும் பாதை அரித்துப்போனது. சுற்றிப் போனால் ஒரு நடைக்கு முக்கால் மணி நேரம். மேல்மண்ணை வழித்து முடித்தால்தான் அடுத்த வெடி வைக்க முடியும், மேனேஜர் தினமும் போனில் கத்திக்கொண்டிருந்தார். அண்ணனிடம், "இப்போதைக்கு வடக்குப் பள்ளத்துல போடுங்கண்ணே, மழை விட்டதும் எடுத்துக் கிடங்குல சேர்த்துக்கலாம்" என்றேன். அவர் அப்போதே, "தம்பி, புத்தகத்துல என்ன எழுதுவீங்க?" என்று கேட்டார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கிடங்கு என்று எழுதினேன். மழை விட்டது. நான் எடுக்கப் போவதற்குள் மற்ற ஷிப்ட் அதன் மேல் கறுப்புக் கல்லைக் கொட்டி மூடிவிட்டது. அதுதான் இன்றைய வடக்கு மேடு. ஒரு நாள் தோண்டி எடுப்போம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு வருஷம் போனது. சுரங்கத்தை மூடும் நேரம் வந்தது. மேல்மண் எங்கே என்று கேட்டார்கள்.

விசாரணையில் என்னிடம் ஒரே கேள்விதான். "கிடங்குக்குத்தான் அனுப்பினீங்களா?" நான், "புத்தகத்துல இருக்கு சார்" என்றேன். லாரி அண்ணன் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த தண்ணீர் ஜாடியைப் பார்த்தேன். அவர் பேச ஆரம்பித்தபோது புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவ்வளவுதான் விசாரணை.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. பதினேழாம் நாள் விமானம் ஏறிவிட்டேன்.

இடத்தைச் சரியாகச் சொல்கிறேன். பழைய எடைமேடையில் நின்று நேர் வடக்கே பார். மேட்டின் இரண்டாவது படியில் மின்கம்பம் ஒன்றின் கான்கிரீட் அடி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து மேற்கே நாற்பது அடி. கறுப்புக் கல் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும், அதற்குக் கீழே நம் மண். பக்கவாட்டிலிருந்து தோண்டச் சொல். மேலிருந்து தோண்டினால் கல் சரிந்து மண்ணோடு கலந்துவிடும்.

இதையே எஞ்சினியருக்கும் தனித் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். காட்டிவிடு.

இங்கே மேனேஜரிடமும் சொன்னேன். அந்தச் சுரங்கத்தின் நற்சான்றை நம்பித்தானே என்னை ஃபோர்மேன் ஆக்கினார். ஒரு வாரம் யோசித்துவிட்டு, என்னை மறுபடி பொக்லைனில் உட்கார வைத்துவிட்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. எனக்கு இயந்திரம் கைவந்ததுதான், பிழைத்துக்கொள்வேன்.

நீ எழுதுவதை எழுது.

தம்பி


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

நலம். உங்கள் மூவரின் நலமும் அறிந்தேன்.

திட்டுவதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லாரி அண்ணன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் வந்தார். "அம்மா, வடக்கு மேட்டுக்கு அடியில நல்ல மண்ணு கெடக்கு. ஃபோர்மேன் சொல்லித்தான் கொட்டினேன்" என்றார். ஃபோர்மேன் என்று சொன்னார், உன் பேரைச் சொல்லவில்லை. நான் உன் அக்கா என்று அவருக்குத் தெரியும். நான் "பார்க்கலாம்" என்றேன். நம்பவில்லை. என் தம்பி அப்படிச் செய்ய மாட்டான், இவர் வேலையில் ஒட்டிக்கொள்ள ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். ஷிப்ட் புத்தகம் கிடைத்தபோதும் உனக்குத்தான் எழுதினேனே தவிர, அவரிடம் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதம் அவர் செத்துக்கொண்டிருந்த கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டார். என்ன பிரயோசனம் என்று ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை.

நேற்றுப் போய், அவரை நம்பாதது என் தப்பு என்று சொன்னேன். நான் சொன்னதை அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நீ சொல்ல வேண்டியதை என்னால் சொல்ல முடியாது. அவருக்குத் தனியாக எழுது. எனக்கு எழுதிய மழைக்கதை, பாதைக்கதை எல்லாம் வேண்டாம். அது அவருக்குத் தெரியும், வண்டி ஓட்டியவர் அவர்தான்.

உன் தாளை எஞ்சினியரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்துவிட்டு, இயந்திரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்.

ஃபோர்மேன் வேலை போனதை எழுதியிருந்தாய். அதற்கு வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் பொய். நீ சொன்னாயே, அதற்குச் சந்தோஷப்படுகிறேன்.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


செப்டம்பர் 12

லாரி அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி, வீட்டில் எல்லோரும் எப்படி என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மேல்மண்ணை வடக்குப் பள்ளத்தில் கொட்டச் சொன்னவன் நான். புத்தகத்தில் கிடங்கு என்று எழுதியவனும் நான். விசாரணையில் நீங்கள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். என் வேலை போய்விடும் என்று பயந்தேன், உங்கள் வேலை போனதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருஷம் உங்களைத் திருடன் என்றார்கள். அந்தப் பெயர் என்னுடையது. என்னை மன்னிக்க வேண்டும்.

உங்கள் ஷிப்டின் பழைய ஃபோர்மேன்


அக்டோபர் 9

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். மாமாவுக்கு முழங்கால் தேவலை. என் குரல்தான் கம்மிப்போயிருக்கிறது, பத்து நாளாக இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்துகிறேன். குட்டிக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தை லாரி அண்ணனிடம் வண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்டீயரிங்கின் மேல் விரித்துவைத்துப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், நேரம் ஆனது. நான் படியில் நின்றேன். முடித்துவிட்டு என்னிடம் திருப்பி நீட்டினார்.

"இதை நான் மட்டும் படிச்சு என்னம்மா ஆகப்போகுது? எனக்கு இது முன்னாடியே தெரியும். தெரியாதவங்க நாப்பது பேரு வெளியே நிக்கிறாங்க. அவங்களுக்குப் படிங்க."

மறுநாள் காலை வருகைப் பதிவு முடிந்ததும் படித்தேன். நர்சரிக்காரம்மா, குழி வெட்டுபவர்கள், நாற்றுச் சுமப்பவர்கள், டீ கொண்டுவருகிறவர்கூட நின்றார். உன் கடிதம் சின்னது, இரண்டு நிமிஷம்கூட ஆகாது. எனக்கு அதைப் படித்து முடிக்க நெடுநேரம் ஆனது போல் இருந்தது. கடைசியில் ஃபோர்மேன் என்றுதான் நீ போட்டிருக்கிறாய். நான் காகிதத்தை மடித்துவிட்டு, "இதை எழுதினது என் தம்பி" என்றேன். மண் எவ்வளவுக்குப் போனது என்று கேட்டாளே, அவள் தலையைக் குனிந்துகொண்டு மண்வெட்டிக் காம்பையே பார்த்தாள்.

லாரி அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "சரி, டேங்குல தண்ணி புடிக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். பாதி தூரம் போனதும் கழுத்தில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வையாகவும் இருக்கலாம்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் நர்சரிக்காரம்மா அவர் வண்டிக் கதவைத் தட்டி, "எறங்கி வாங்கண்ணே, உள்ள உக்காந்து வேகுறீங்க" என்றாள். இறங்கி வந்தார்.

பொக்லைன் செப்டம்பர் முப்பதாம் தேதி வந்தது. நீ சொன்னபடியே எடைமேடை, மின்கம்பத்தின் அடி, மேற்கே நாற்பது அடி. பக்கவாட்டில் தோண்டினோம். முதல் நாள் முழுக்கக் கறுப்பு. எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை, வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் பத்தரை மணிக்குக் கறுப்புக்கு நடுவே பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. நான் கையைத் தூக்கி இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கினேன். கையில் அள்ளினால் உதிர்ந்தது. செத்த வேர் இழைகள் அப்படியே இருந்தன.

மேல் ஒரு முழம் கல்லின் அமிலம் இறங்கிக் கெட்டிருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டோம். மீதி நல்ல மண். நாலு வருஷம் மூச்சுவிடாமல் கிடந்ததால் களைத்துத்தான் இருக்கிறது. சாணமும் தழையும் போட்டு எழுப்பிவிடுவேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

டிப்பர் ஓட்ட வெளியாள் வந்திருந்தான். லாரி அண்ணன் அவனிடம் போய், "நீ தண்ணி வண்டிய எடு, இதை நான் பாத்துக்கறேன்" என்று சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு நடைக்கும் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறார்.

மழை தொடங்கிவிட்டது. வரும் வாரம் வடக்கு மேட்டில் நடுகிறோம்.

அக்கா


டிசம்பர் 18

ஃபோர்மேன் தம்பிக்கு,

லாரி அண்ணன் எழுதுவது. நான் சுகம். நீங்கள், வீட்டில், குழந்தை எல்லோரும் சுகமா? எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் விட்டுவிட்டுப் படியுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். அதற்கு என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

ஆய்வுக்கு நாலு பேர் வந்தார்கள். உங்கள் அக்கா அவர்களைக் காலை ஏழு மணிக்கே மேட்டில் ஏற்றிவிட்டார். ஒருவருக்குச் செருப்பு அறுந்துவிட்டது, அப்போதும் விடவில்லை. வடக்கு மேட்டையும் நம் திட்டத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேலி கிடையாது. மருதும் நாவலும் புதுத் தளிர் விட்டிருக்கின்றன. ஓடையில் தண்ணீர் இன்னும் தெளியவில்லை, அதற்கு வருஷக்கணக்காகும் என்கிறார் உங்கள் அக்கா.

என்னை வேலையை விட்டு நிறுத்திய உத்தரவை ரத்து செய்துவிட்டதாக ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. சுரங்கமே இல்லாதபோது எந்த வேலைக்குத் திரும்புவது என்று அதில் எழுதவில்லை. என் மகள் அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறாள்.

இன்னொரு விஷயம். அந்த ஒன்பது நாளில் நான் ஓட்டியது முந்நூற்று அறுபத்திரண்டு நடை. மறக்கிற எண்ணிக்கை இல்லை அது. இப்போது வெளியே எடுத்தது, ஒதுக்கியதையும் சேர்த்து, முந்நூற்று ஐம்பத்தெட்டு. நாலு நடை மண் உள்ளே எங்கேயோ கிடக்கிறது. போகட்டும் என்கிறார் உங்கள் அக்கா. நான் விடுவதாயில்லை. அந்த நாலு நடையை நான் விற்றுவிட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

லீவு கிடைக்கும்போது வந்து இடத்தைக் காட்டுங்கள். பொக்லைனை நீங்கள் எடுங்கள், டிப்பரை நான் எடுக்கிறேன்.

லாரி அண்ணன்